பாதைக்காக நிலம் கேட்ட முறை



சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர். சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும், விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. அந்த நெடுஞ்சாலையை ஏறத்தாழ 165 கிலோமீட்டருக்கு நான்கு வழிச்சாலையாக விரிக்கும் பணியில் நம் ஊர் ஒரு பகுதியின் முடிவாகவும் மறுபகுதியின் தொடக்கமாகவும் குறிக்கப்பட்டது. மறுபக்கம் நெய்வேலிச் சுரங்கம். ஆகவே நில அளவைக் கல் என்பது இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. "அரசு கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?" என்று நம் பெரியவர்கள் சொல்வதையும் பலமுறை கேட்டிருக்கிறோம்.

கொடுப்பதா, மறுப்பதா என்பதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடுவதில்லை. எப்படிக் கேட்டார்கள், எப்போது விலை கொடுத்தார்கள், எப்போது நிலத்தில் கை வைத்தார்கள் என்ற வரிசையும் அதில் அடங்கியிருக்கிறது. சாலைகளை எதிர்த்து மக்கள் எழுந்த இடங்களின் வரலாற்றைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த வரிசை குலைந்த இடத்தில்தான் சச்சரவு தொடங்கியிருக்கிறது.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு ஒரு பழைய நிகழ்வு உண்டு. ஹிஜ்ரி 17இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க முனைந்தார்கள். தொழ வருவோர் பெருகிவிட்டனர், இடம் போதவில்லை. பள்ளிவாசலை ஒட்டி நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு இருந்தது. விலைக்குத் தாருங்கள், அல்லது மாற்று வீடு பெற்றுக்கொள்ளுங்கள், அல்லது முஸ்லிம்களுக்காகத் தானமாகத் தாருங்கள் என்று கலீஃபா மூன்று வழிகளை முன்வைத்தார்கள். அப்பாஸ் (ரலி) மூன்றையும் மறுத்தார்கள். கேட்டவர் நாட்டின் ஆட்சியாளர். கேட்கப்பட்டது அல்லாஹ்வின் இல்லத்திற்காக. இதைவிடப் பெரிய பொதுநோக்கத்தை யாராலும் காட்ட முடியாது. ஆயினும் வழக்கு உபை பின் கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. அவர்கள், பைத்துல் முகத்தஸைக் கட்டும்போது தாவூத் (அலை) அவர்களுக்கு இடம் குறித்து நேர்ந்த சோதனையை எடுத்துச் சொல்லி, உரிமையாளரின் விருப்பமின்றி அவரது வீட்டை எடுக்க இயலாது என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு தமக்குச் சாதகமான பின்னரே அப்பாஸ் (ரலி) அந்த வீட்டைத் தானமாக வழங்கினார்கள். அறிவிப்புகளில் சிறு வேறுபாடுகள் உண்டெனினும் நிகழ்வின் சாரம் இதுவே. இதை அப்பாஸ் (ரலி) அவர்களின் தாராள குணத்திற்குச் சான்றாகவே நம் மேடைகளில் சொல்கிறார்கள். ஆட்சியாளர் ஒருவர் வழக்கில் தோற்று, அதை ஏற்றுக்கொண்டார் என்பது எனக்கு அதற்கிணையான செய்தியாகத் தோன்றுகிறது.

உமர் (ரலி) அவர்கள் சாலைக்கு எதிரானவர்கள் அல்லர். அதே காலத்தில் கூஃபா நகரம் அமைக்கப்பட்டபோது பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கடுத்தவை 20, சந்துகள் 7 முழம் என அகலம் வகுக்கப்பட்டதை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். பாதையின் அகலத்தில் மக்கள் கருத்து வேறுபட்டால் ஏழு முழம் விடவேண்டும் என்னும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. பாதை பொது உரிமை, வீடு தனி உரிமை; இரண்டுக்கும் அளவு உண்டு என்பதே அக்கால நடைமுறை.

இந்த நடைமுறை பின்னாளில் எழுத்துச் சட்டமாகவும் ஆனது. உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' சட்டத்தின் 1216ஆம் பிரிவு, தேவை ஏற்படின் ஒருவருடைய சொத்தை அதன் மதிப்பைக் கொடுத்து, ஆட்சியாளரின் ஆணைப்படி பாதையோடு சேர்க்கலாம் என்கிறது. ஆனால் விலை கொடுக்கப்படும் வரை அது உரிமையாளரின் கையிலிருந்து எடுக்கப்படலாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. முதலில் பணம், பிறகு நிலம்.

மோட்டார் வாகனங்களின் காலம் வந்தபோது பாதையின் அகலம் முழத்திலிருந்து ஏக்கருக்குத் தாவியது. நியூயார்க்கில் ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி பிராங்க்ஸ் பகுதியின் நடுவே விரைவுச்சாலை ஒன்றைக் கொண்டுசென்றார். கிழக்கு ட்ரெமான்ட் என்னும் குடியிருப்பில் ஒரு மைல் நீளத்திற்குள் மட்டும் 1,530 குடும்பங்கள் வீடிழந்தன. 1952 இறுதியில் அவர்களுக்கு வந்த கடிதம் 90 நாள் அவகாசம் தந்தது. சற்றே தள்ளி, பூங்காவின் ஓரமாக மாற்றுப் பாதை உண்டு என்று அக்குடும்பத்துப் பெண்கள் வரைபடத்துடன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியும் பயனில்லை. அதே மோசஸ் கீழ் மன்ஹாட்டனிலும் விரைவுச்சாலை போட முயன்றார். அங்கே ஜேன் ஜேக்கப்ஸ் என்ற எழுத்தாளரும் அண்டை வீட்டாரும் சேர்ந்து எதிர்த்தனர். 1962இல் நகர நிர்வாகம் அதை நிராகரித்தது, 1969இல் திட்டம் வரைபடத்திலிருந்தே நீக்கப்பட்டது. ஒரே நகரம், ஒரு மஹல்லா அழிந்தது, ஒரு மஹல்லா பிழைத்தது.

நம் நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956ஆம் ஆண்டினது. நிலம் எடுப்பதற்கான பிரிவுகள் 1997இல் சேர்க்கப்பட்டன. அவற்றின் வரிசையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது நல்லது. 3ஏ பிரிவின்படி அரசு தன் எண்ணத்தை அறிவிக்கும். 3சி பிரிவின்படி 21 நாட்களுக்குள் நில உரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 3டி அறிவிப்பு அரசிதழில் வெளியான கணமே நிலம் மத்திய அரசின் உடைமையாகிவிடும். விலை நிர்ணயம் அதன்பிறகு. இழப்பீட்டுத் தொகையைச் செலுத்திய பின்னரே நிலத்தைக் கையகப்படுத்தலாம். மஜல்லாவின் வரிசையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும்: கைவசம் மாறுவது இங்கும் பணத்திற்குப் பிறகுதான், ஆனால் உரிமை பணத்திற்கு முன்பே மாறிவிடுகிறது.

2018இல் சேலம் – சென்னை எட்டு வழிச்சாலைத் திட்டத்தில் அந்த வரிசைகூடக் கடைப்பிடிக்கப்படவில்லை. 277 கிலோமீட்டர், மதிப்பீடு 10,000 கோடி ரூபாய். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் என அப்போதைய ஐந்து மாவட்டங்கள். சேலத்தின் விளிம்பிலிருந்த குடியிருப்புகளும் கிணற்றுப் பாசன வயல்களும் தென்னந்தோப்புகளும் அதன் வழியில் இருந்தன. காவல்துறைப் பாதுகாப்புடன் அளவீடு நடந்தது. வயலில் நின்று அழுத பெண்களின் படங்களை நாம் செய்தித்தாள்களில் பார்த்தோம். அந்த ஜூன் மாதத்தில் திட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காக நடிகர் மன்சூர் அலிகானும் சூழலியல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் கைது செய்யப்பட்டனர். இவற்றைவிட அமைதியாக, தாலுகா அலுவலகத்தில் இன்னொன்று நடந்தது: 3டி அறிவிப்பு வருமுன்னரே வருவாய்ப் பதிவேடுகளில் பெயர் மாற்றப்பட்டது. தன் பெயரில் பட்டா இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர் வங்கிக்குப் போனால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

விவசாயிகளும், பூவுலகின் நண்பர்கள் அமைப்பும், அன்புமணி ராமதாசும் தொடுத்த வழக்குகளில் 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. பதிவேடுகளை எட்டு வாரத்திற்குள் பழைய நிலைக்குத் திருத்தவும் ஆணையிட்டது. மேல்முறையீட்டில் 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அரசுக்கு அந்தச் சாலை போட அதிகாரம் உண்டு என்றும், 3ஏ அறிவிப்புக்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றும் கூறியது. மக்களுக்கு இது பெரிய பின்னடைவு. ஆனால் பெயர் மாற்றம் சட்டவிரோதம் என்பதை உச்ச நீதிமன்றமும் ஏற்று, அதை ரத்து செய்தது. அந்தச் சாலை இன்னும் போடப்படவில்லை.

நம் ஜமாஅத்துகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சாலைக் கோட்டிற்குள் கபரஸ்தானோ பள்ளிவாசலின் மனையோ வருமானால், நிலம் எடுக்கும் அதிகாரி வக்ஃபு வாரியத்திற்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது. வாரியத்தின் ஏட்டில் அந்த நிலம் பதிவாகியிருந்தால்தான் இது பயன்படும். முன்னோர் வாய்மொழியாக வக்ஃபு செய்த நிலங்களின் ஆவணங்களை, அளவைக் கல் வந்த பிறகு தேடுவது காலங்கடந்த வேலை.

இறுதியாக நம் ஊருக்கே வருகிறேன். 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நெய்வேலி நிறுவனத்தின் மண் அள்ளும் இயந்திரங்கள் நெற்பயிருக்குள் இறங்கின. அங்கே வந்தது சாலையன்று. சுரங்க விரிவாக்கத்திற்காகப் பரவனாற்றுக்கு வெட்டப்படும் மாற்றுக் கால்வாய். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டு இழப்பீடும் தரப்பட்டது, பயிரிட வேண்டாமென்று முன்கூட்டியே சொன்னோம் என்பது நிறுவனத்தின் வாதம். அதில் உண்மையில்லாமல் இல்லை. கொடுத்த தொகை இன்றைய மதிப்புக்கு ஈடாகாது, இத்தனை ஆண்டுகள் உழ விட்டுவிட்டுக் கதிர் முற்றும் வேளையில் ஏன் வந்தீர்கள் என்பது விவசாயிகளின் கேள்வி. பயிர் அழிக்கப்பட்ட காட்சி மனத்தை உலுக்கியது என்றும், அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்றும் உயர் நீதிமன்ற நீதிபதி கேட்டார். பாழான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. எஞ்சிய வயல்களை அறுத்து முடித்து, செப்டம்பர் 15க்குள் நிலத்தை ஒப்படைக்குமாறு விவசாயிகளிடமும் கூறியது.