திரும்புசக்கர இயக்கம்

திரும்புசக்கர இயக்கம் அல்லது ஸ்வெர்வ் டிரைவ் என்பது தானியங்கியின் ஒவ்வொரு சக்கரத்தையும் உருட்ட ஒரு மின்னோடியும் திசைதிருப்ப மற்றொரு மின்னோடியும் கொண்ட அமைப்பு ஆகும். அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் மாணவர் அணிகள் பல இதனைக் கையாளுகின்றன.

இதனால் தானியங்கி தன் முகப்பைத் திருப்பாமலேயே எத்திசையிலும் செல்லும். பக்கவாட்டிலும் தள்ளுவிசை குறையாது. சுவீடனைச் சேர்ந்த பெங்ட் இலான் உருவாக்கிய மெக்கானம் சக்கரமும் பக்கவாட்டில் நகரும். ஆனால் அதன் விளிம்பில் 45 பாகை சாய்ந்துள்ள உருளைகள் தடையின்றிச் சுழல்வதால், எதிரணி மோதித் தள்ளினால் எளிதில் விலகிவிடும்.

நான்கு சக்கரங்களுக்கு எட்டு மின்னோடிகளும், கோணம் அளக்கும் உணரிகளும் தேவை. ஓர் உணரியின் தொடக்கக் கோணம் பிசகினாலும் சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். ஆயத்தக் கூறுகள் விலைக்குக் கிடைப்பினும், நிரலும் அளவுதிருத்தமும் அணியின் பொறுப்பே. ஆகவே புதிய அணிக்கு, இருபக்கச் சக்கரங்களின் வேக வேறுபாட்டால் திரும்பும் எளிய அமைப்பே ஏற்றது; மிஞ்சும் நாட்களில் ஓட்டிப் பழகலாம்.