முடிவைச் சொல்லாத சிபாரிசு

உத்திரமேரூர் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில், முதற் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919-லும் 921-லும் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் வெட்டுவிக்கப்பெற்ற குடவோலைச் சாசனங்களே கற்றோர் நினைவில் எழும். அவ்வூரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோரில் பெரும்பாலோர் அச்சாசனங்களில் தொடங்கி அவற்றிலேயே முடித்துவிட்டபடியால், ஊராரும், சுற்றியுள்ள மானாம்பதி, சாலவாக்கம், திருப்புலிவனம், பெருநகர் முதலிய கிராமத்தாரும், ஏரிப் பாய்ச்சல் நிலங்களில் பகலெல்லாம் உழைத்த களைப்புத் தீர இராக்காலத்தில் என்ன கதை கேட்டார்கள், எழுத்தறிவு பரவிய பின்பு என்ன கதை படித்தார்கள், படித்ததை அடுத்த வீட்டாருக்கு எவ்வாறு சிபாரிசு செய்தார்கள் என்னும் விருத்தாந்தம் எவராலும் பொருட்படுத்தப்படாமலே போயிற்று. மர்மக் கதையையும் மாயக் கதையையும் ஒரு வாசகர் இன்னொருவர் கையில் திணித்துப் படிக்கச் சொல்லும் வழக்கத்தில், முடிவை மட்டும் வெளியிடலாகாது என்பது இன்று எழுதாச் சட்டமாக விளங்குகிறது. அச்சட்டம் அநாதியானதென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதற்கு வயது நூற்றுச் சொச்சம்தான்.

தொண்டை நாட்டின் இப்பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்கள் மிகுதி. பங்குனி தொடங்கிக் கோடை முழுவதும் ஏதேனும் ஓர் ஊரில் அக்கினி வசந்த விழா நடந்துகொண்டேயிருக்கும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைப்பார். அவர் உரைத்த கட்டத்தையே இரவில் கூத்தர் வேடங்கட்டி விடியும்வரை ஆடுவர். அர்ச்சுனன் தபசன்று, வேடம் பூண்டவர் நெடிய தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாய் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீச, பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் அவற்றைப் பிடிக்கக் கீழே மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாட் காலையில், திறந்த வெளியில் களிமண்ணால் கிடத்திச் செய்த துரியோதனனின் பேருருவைச் சுற்றிப் படுகளம் நிகழும், தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தலை முடிப்பாள், மாலையில் தீமிதி. இத்தனைக்கும் மத்தியில், துரியோதனன் சாகப் போகிறான் என்பதை அறியாதவர் அக்கூட்டத்தில் ஒருவரும் இருந்திரார். தொட்டிற் குழந்தைக்கும் தெரிந்த கதையைக் காணவே அவர்கள் பல காத தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆகையால் அக்காலத்துச் சிபாரிசு, 'இன்ன கதையைக் கேள்' என்பதாக இராமல், 'இன்னார் ஆடுகிறார், போய்ப் பார்' என்பதாகவே இருந்தது. புரிசையார் வருகிறார்கள், கர்ண மோட்சம் ஆடுகிறார்கள் என்றால் அதற்குமேல் விளம்பரம் வேண்டியதில்லை. காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் கந்தபுராணத்திலும், சூரபன்மன் மாமரமாய் நின்று, வேலால் பிளவுண்டு, மயிலும் சேவலுமாய் ஆவதைக் காட்டிலும் அற்புதமான மாயம் எந்த நாட்டு மாயக் கதையிலும் இருப்பதாக நான் அறியேன். அதன் முடிவையும் யாரும் ஒளித்து வைத்ததில்லை. முருகன் கொடியில் இருப்பது சேவல் என்பதைக் கதையைக் கேட்குமுன்பே குழந்தை கண்டுவிடுகிறது.

அச்சு வந்த பின்பும் இந்நிலை உடனே மாறிவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், சென்னையில் இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற பிரசுரகர்த்தர்கள் வெளியிட்ட 'பெரிய எழுத்து' விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை முதலியன திருவிழாக் கடைகளில் பாய்மேல் பரப்பப்பட்டு விற்பனையாயின. காஞ்சிபுரத்தில் வைகாசிக் கருடசேவைக்குச் சென்று திரும்புகிறவர் மூட்டையில் இவற்றிலொன்று இருப்பது சகஜம். அகல் விளக்கின் மங்கிய வெளிச்சத்திலும் கண்ணுக்குப் புலனாகும்படி எழுத்துத் தடித்திருக்கும். இடையிடையே மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்கள் வரும். ஒரே ராஜாவின் படம் இரண்டு மூன்று கதைகளில் வெவ்வேறு ராஜாக்களுக்காக உழைத்திருப்பதையும் காணலாம். எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து இராகம் போட்டுப் படிக்க, பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்பார்கள். கேட்டதையே மறுமாதமும் கேட்பார்கள். வேதாளம் போடும் புதிருக்கு விக்கிரமாதித்தன் சொல்லப்போகும் விடையை அவனுக்கு முன்பே சொல்லிவிடுவதில் ஒரு சந்தோஷம் இருந்ததேயன்றி, அதனால் கதையைக் கெடுத்துவிட்டான் என்று எவரும் எவரையும் நொந்துகொண்டதில்லை. கொலைச் சிந்து பாடி விற்பவர்களோ இன்னும் ஒருபடி மேலே போய், கொலையுண்டவர் யார், கொன்றவர் யார் என்பதை முதலிலேயே சொல்லி, அதன் பயங்கரத்தைப் பாடுவதிலேயே ஜனங்களைக் கட்டிப்போட்டார்கள்.

பழைய மாயக் கதைக்கும் புதிய மர்மக் கதைக்கும் நடுவே பாலமாக நின்றவர் ஒரே மனிதர் என்பதை நினைக்க வியப்பாயிருக்கிறது. பண்டித நடேச சாஸ்திரியார், மதனகாமராஜன் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்து 1886-ல் வெளியிட்டார். அவரே 1894-ல் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனைத் தமிழில் உலவவிட்டார். பின்னர் 1908-ல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வெளிவந்து, துப்பறியும் கோவிந்தனை வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் அவரைத் தொடர்ந்தார். ஆங்கில நாவல்களைத் தழுவி 'இரத்தினபுரி இரகசியம்' முதலியவற்றைப் பாகம் பாகமாக எழுதிக் குவித்த குப்புசாமி முதலியார், நமக்கு மேற்கேயுள்ள ஆரணியைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கியவர். வை. மு. கோதைநாயகி அம்மாளோ காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூர்க் குடும்பத்தில் 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் மணமாகி, பள்ளிப் படிப்பு வாய்க்காமல், சுற்றியிருந்த குழந்தைகளுக்கு வாயால் கதை சொல்லிப் பழகி, எழுத வராத காலத்தில் தாம் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுத, 'இந்திர மோகனா' என்ற நாடகத்தை ஆக்கியவர். 1925 முதல் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தி, 'வைதேகி' தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர். தமிழ் மர்ம நாவலின் முதல் இரு தலைமுறைகளைப் பேசுகையில் சென்னையையும் தஞ்சையையும் மட்டும் சொல்லி, பாலாற்றங்கரைச் சீமையை விட்டுவிடுவது நியாயமன்று.

இந்த நாவல்களால்தான் அந்தப் புதிய சட்டம் பிறந்தது. கதையின் முடிவு என்பது, திருடிவிடக்கூடிய ஒரு சொத்தாக முதன்முதலில் மாறியது இவற்றில்தான். துரியோதனன் சாவைச் சொன்னால் பாரதம் கெடாது. ராஜாம்பாளின் இரகசியத்தைச் சொல்லிவிட்டாலோ அடுத்தவர் கொடுத்த விலை வீணாகிவிடும். படிக்கும் முறையும் அதற்கேற்ப மாறிற்று. கூட்டமாய் இருந்து ஒருவர் படிக்கக் கேட்ட வழக்கம் போய், தனித்திருந்து வாய்க்குள்ளேயே படிக்கும் வழக்கம் வந்த விதத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' என்ற நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். திண்ணையில் பத்துப்பேர் ஒரே சமயத்தில் முடிவை அடைந்தவரையில் அதை மறைக்க வேண்டிய அவசியமே எழவில்லை. ஒருவர் முடித்திருக்க, மற்றொருவர் பாதியில் இருக்கும் நிலை வந்த பிறகுதான் நாவடக்கம் என்னும் நாகரிகம் தேவைப்பட்டது.

உத்திரமேரூரோ ரயில் காணாத ஊர். காஞ்சிபுரமோ செங்கற்பட்டோ மதுராந்தகமோ போனால்தான் ரயிலடி; ரயிலடிப் புத்தகக் கடையில் வாங்கியதும், வி.பி. தபாலில் தருவித்ததுமாக ஊருக்குள் நுழைந்த ஒரு பிரதி, அட்டை கழன்று கடைசித் தாள் உதிரும்வரை கைமாறிக்கொண்டிருக்கும். பண்டிதர்கள் இந்நாவல்களை இழிவாய்ப் பேசினர். ஒழுக்கம் கெடும், பெண்கள் வீட்டு வேலையை மறப்பர் என்று பெரியவர்கள் கடிந்தனர். ஆகவே சிபாரிசும் தாழ்ந்த குரலிலேயே நடந்தது. கிணற்றடியில் அண்டை வீட்டுப் பெண், "அக்கா, இதைப் பொழுது சாஞ்சு எடுக்காதீங்க, எடுத்தா விடியிறவரைக்கும் கீழ வெக்க முடியாது" என்பாள், "கொன்னது யாருடி?" என்று கேட்டால், "அதைச் சொன்னா அப்புறம் எதுக்குப் படிக்கப்போறீங்க?" என்று குடத்தை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவாள். எந்தப் பத்திரிகை மதிப்புரையும் இதைக் காட்டிலும் ஒரு நூலுக்கு உபகாரம் செய்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். காஞ்சியில் பிறந்த அண்ணாதுரை வானொலியில் ஆற்றிய 'வீட்டிற்கோர் புத்தகசாலை' என்ற பேச்சு யாவரும் அறிந்தது. அப்படி வீட்டுக்கு வீடு புத்தகம் நுழைவதற்குப் பாதை போட்டவை, பரணிலும் அரிசிக் குதிருக்குப் பின்னாலும் ஒளித்து வைக்கப்பட்ட இந்தத் துப்பறியும் நாவல்களே என்று நான் கருதுகிறேன்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதை இந்நிலையை மறுபடியும் புரட்டிப் போட்டது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை வெளிவந்தபோது, காஞ்சிக் கோட்டை வாயிலையே களமாகக் கொண்ட அக்கதையில், நாகநந்தி அடிகள் உண்மையில் யார், மாறுவேடத்தில் அலையும் வஜ்ரபாகு யார் என்பவற்றை ஊரில் ஒருவரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. முடிவு எல்லோருக்கும் ஏகமாய் மறைந்திருந்தபடியால், சிபாரிசு என்பது ஊகமாயிற்று. அடுத்த இதழ் வரும்வரை வாதம் நடந்தது. 1950-ல் தொடங்கி 1954 வரை நீண்ட 'பொன்னியின் செல்வ'னில் இது உச்சத்தை எட்டியது. குடவோலைச் சாசனம் வெட்டுவித்த பராந்தகனின் கொள்ளுப்பேரனாகிய ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை ஆசிரியர் ஐயந்திரிபற உரைக்காமலே கதையை முடித்துக்கொண்டார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது; அதைக் காட்டினாலும் வாசகர்கள் ஒப்புவதில்லை. கதையை முழுதும் சொல்லி, முடிவையும் சொல்லி, அப்படியும் சுவை குன்றாமல் சிபாரிசு செய்யத்தக்க மர்மக் கதை எனக்குத் தெரிந்து தமிழில் இது ஒன்றே. மணியம் வரைந்த சித்திரங்களோடு வாராவாரம் கிழித்தெடுத்து, சாக்கு நூலால் தைத்து, பைண்டு செய்த தொகுதிகள் இந்தப் பக்கத்து வீடுகளில் சீர்வரிசையோடு மாமியார் வீட்டுக்குப் போனதுமுண்டு.

1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிய பின்பு, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து, சிற்றூர்களிலும் கிளை நூலகங்கள் தோன்றின. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற நூல், ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகர் என்ற தத்துவத்தை 1931-லேயே வகுத்த சீர்காழி ரங்கநாதன் இச்சட்டத்துக்காக நெடுநாள் பாடுபட்டவர். அவர் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. கிளை நூலகத்துத் துப்பறியும் நாவலொன்றை எடுத்துப் பாருங்கள். தேதித்தாளின் கீழே நீல மையில், "நல்ல கதை, படிக்கலாம்" என்று ஒருவர். "சுமார்" என்று அதற்கடியில் மற்றொருவர். "சுமார் என்று எழுதியவனுக்கு ரசனை இல்லை" என்று மூன்றாமவர். இவ்வளவும் சிரித்துக்கொண்டே பொறுக்கத்தக்கது. நாலாவதாக ஒரு பாதகன் வந்து, முதற் பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தின் பெயரை வட்டமிட்டு, "இவன்தான் கொலைகாரன்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். கடைசிப் பக்கம் கிழிந்து போன புத்தகத்துக்கு மட்டுமே அந்த மகாபாவி உபகாரியாகிறான்.

அதன் பின்னர் வந்தவற்றை விரிக்க வேண்டுவதில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால், 1968-ல் 'நைலான் கயிறு' வாயிலாக வந்த சுஜாதாவின் கணேஷ், 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸில் வந்திறங்கிய இரும்புக்கை மாயாவி, பஸ் நிலையப் பெட்டிக்கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள் என்று அந்த வரிசை நீளும். பெட்டிக்கடைக்காரரே அங்கே சிபாரிசுக்காரராக அமைந்தார். ஆனால் தாம் விற்ற எல்லாவற்றையும் புகழ்ந்தவராகையால் அவர் வாக்கில் ஊராருக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இத்துறையில் புதிதாய் நுழைகிறவருக்கு எதைக் கொடுப்பது என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் சொல்வதையும் எழுதிவிடுகிறேன். சிறு பிள்ளையாயின் 1947 முதல் வந்த அம்புலிமாமாவின் வேதாளக் கதைகள். பழைய தொகுதி கிடைத்தால் சங்கரின் படங்களுக்காகவே கொடுக்கலாம். சிரிக்கத் தெரிந்தவருக்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. அசட்டு அதிர்ஷ்டத்தாலேயே துப்பறிபவன் அவன் என்பதை முன்னாடியே சொல்லலாம், குற்றமில்லை. காஞ்சிச் சீமையில் பிறந்தவருக்குப் 'பொன்னியின் செல்வ'னுக்கு முன்பே 'சிவகாமியின் சபதம்'. வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்' பொறுமையுள்ளவர்களுக்கு. வருணனை வரும் இடங்களில் பக்கத்தைத் தள்ளுவது பாபமன்று. வை. மு. கோ.வை நம் பக்கத்துப் பெண் என்ற அபிமானத்தோடு தொடங்குங்கள். கதை நின்று உபதேசம் தொடங்கும் இடங்களையும் விடாமல் படியுங்கள், சுதந்திரப் போராட்டத்தில் அவர் சிறை சென்ற காலத்து மனம் அங்கேதான் தெரிகிறது. 'இரத்தினபுரி இரகசிய'த்தை மட்டும் கடைசியில் கொடுங்கள். அதன் பாகங்களை முதலிலேயே எடுத்து நீட்டினால், வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த புத்தகம் கேட்க உங்கள் வீட்டுப் பக்கமே வரமாட்டார்.