கல்லில்லா நகரின் சாலைகள்

கொல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். சென்னைக்குப் பல்லாவரமும் பறங்கிமலையும் அமைந்ததுபோல் இந்நகருக்கு அருகில் குன்று ஏதுமில்லை. கங்கை கொணர்ந்து குவித்த வண்டல்மீது எழுந்த ஊர் இது. ஆதலின் இதன் சாலைகளின் வரலாறு, கல்லைத் தேடிய வரலாறே ஆகும்.

மராத்தியர் படையெடுப்புக்கு அஞ்சி 1742-இல் வெட்டிய அகழியின் பெரும்பகுதி, 1799-இல் தூர்க்கப்பட்டுச் சர்க்குலர் சாலையாயிற்று. 1817-இல் தோன்றிய லாட்டரிக் குழு, பரிசுச்சீட்டு விற்ற பணத்தைக் கொண்டு கார்ன்வாலிஸ் தெரு முதலிய பெருவீதிகளை அமைத்தது. சாலையிற் பரப்ப வங்காளிகள் கையாண்ட பொருள் உடைத்த செங்கல். அதனைக் 'கோயா' என்பர். கருங்கல் வேண்டின், தொலைவிலுள்ள ராஜ்மகால் குன்றுகளையே நாடவேண்டும்.

தார்ச்சாலை வந்தபின் வேறொரு தொல்லை தோன்றிற்று. பழைய படலத்தின்மீது புதியதை இட இட, வீதி உயர்ந்தது. வீட்டு வாயிற்படி தாழ்ந்தது. மழைநீர் உள்ளே புகுந்தது. மேற்படலத்தைச் சுரண்டி எடுப்பதே இதற்கு மாற்று. அங்ஙனம் எடுத்த குவியலில் விலையுயர்ந்த கல்லும் தாரும் கலந்தே கிடக்கின்றன. அதனை வீணாக்கலாமா?

1956-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் அயோவாவில் சானி என்ற பேராசிரியர், சூடான தாரில் நீராவியைச் செலுத்தி நுரைக்கச் செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவில் நீராவிக்குப் பதில் சிறிதளவு குளிர்நீரே போதும் எனக் கண்டனர். பன்மடங்கு பெருகிய நுரை, சூடேற்றாத ஈரக்கல்லோடும் எளிதிற் கலக்கிறது. கல்லைக் காய்ச்சும் எரிபொருள் மிச்சம், புகையும் குறைவு.

ஆயினும் இக்கலவை இட்டவுடன் வலுப்பெறுவதில்லை. உள்ளிருக்கும் நீர் உலர உலரவே உறுதி ஏறுகிறது. நுரைத்த தார் பெருங்கற்களை முழுதும் போர்த்தாமல், நுண்பொடியைப் பற்றியே அவற்றைப் பிணைக்கிறது. எனவே நீரே இதன் பெரும்பகை. இதுபற்றியே இந்தியச் சாலைப் பேரவையின் விதிகள், மாதிரிக் கட்டியை உலர்ந்த நிலையிலும் நீரில் ஊறிய நிலையிலும் பிளந்து சோதிக்கக் கூறுகின்றன. உலர்ந்ததற்கு 225 கிலோபாஸ்கல், ஊறியதற்கு 100 கிலோபாஸ்கல் வலிமையேனும் வேண்டும். சிறிது சிமெண்டு சேர்ப்பின் ஊறிய வலிமை உயரும். பழஞ்சாலைப் பொருளின் மறுபயனுக்கென்றே அப்பேரவை 2015-இல் தனி நெறிநூலும் வெளியிட்டது.

ஆதலின், ஆனி முதல் புரட்டாசி வரை மழை பொழியும் இந்நகரில் இம்முறையை மேற்கொள்வோர் இரண்டை மறத்தலாகாது. கோடையில் இட்டு உலரவிட்டு, அதன்மேல் புதிய தார்ப்படலம் போர்த்தவேண்டும். அதற்கு முன்னரே வடிகாலைச் செப்பனிடவேண்டும். கல்லில்லா நகருக்குப் பழைய சாலையே கல்சுரங்கம். அச்சுரங்கம் பயன்தருவது நீர் வடியும் வழியைப் பொறுத்தது.