எண் போட்ட படமும் எண்ணில்லாத படமும்

திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் பனியனுக்குப் படம் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். இதே முறையில்தான் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1967-ல் மர்லின் மன்றோ படங்களை அச்சடித்தார். பத்துப் படங்கள் கொண்ட தொகுப்பு. எண் போட்ட பிரதிகள் 250.

நம் நாட்டுக் கதை நேர் எதிர். ராஜா ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அங்கே நிறத்துக்கு ஒரு கல். அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்கும் வந்தார்கள். கோயிலுக்குள் விடப்படாதவர்களும் வீட்டில் மாட்டிக் கும்பிட முடிந்தது. அன்று படம் பெருகியது நல்லதே.

வார்ஹோல் காலத்தில் அது திகட்டிவிட்டது. சினிமா, டிவி, பத்திரிகை எல்லாவற்றிலும் அதே முகங்கள். அந்தத் திகட்டலைத்தான் அவர் அச்சடித்துக் காட்டினார். இன்று செல்போனில் அது பல மடங்கு. அதனால் எண் போட்ட படத்துக்கு மவுசு.

ஆனால் ஸ்கிரீனுக்கு எண் தெரியாது. 1970 முதல் ஐரோப்பாவில் அதே மர்லினை மறுபடி அச்சடித்தார்கள். சிலவற்றின் பின்பக்கம், கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று முத்திரை வேறு!

ஆக, 250-ல் நிறுத்துவது மனிதர் எடுக்கும் முடிவு. படம் குறைவா, அதிகமா என்பதை விட, யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்களுக்கு?