உயிர் முந்தியா, சட்டம் முந்தியா?

போர்க்களத்தில் காயமுற்ற சிப்பாயை, போர் ஓயும்வரை அவன் வீழ்ந்த இடத்திலேயே விட்டுவைப்பது 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் படைகளில் வழக்கமாக இருந்தது. பிரெஞ்சுப் படையின் விதிப்படி, சிகிச்சை வண்டிகள் களத்திலிருந்து ஒரு லீக் தூரம், அதாவது ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர், விலகியே நிற்க வேண்டும். அவை வந்து சேருமுன் பலர் மாண்டுபோயினர். 1792இல் ரைன் நதிப் படையில் பணிபுரிந்த டொமினிக் ழான் லாரே என்னும் இளம் வைத்தியருக்கு இது பொறுக்கவில்லை. பீரங்கிகளைக் குதிரைகள் கடுகி இழுத்துச் செல்வதைக் கண்ட அவர், அதே வேகத்தில் செல்லத்தக்க இலேசான வண்டிகளைக் களத்துக்குள்ளேயே அனுப்ப வழி செய்தார். அவை 'பறக்கும் ஆம்புலன்ஸ்' எனப் பெயர் பெற்றன. காயமுற்றவனையும் வைத்தியரையும் பிரித்த தூரத்தை உண்டாக்கியதே ஒரு விதிதான் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

மோட்டார் வாகனம் பெருகிய பின்னர், சாலையும் ஒருவகைப் போர்க்களமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய அரசாங்கத்தின் கணக்கு. அடிபட்டவரின் உடலினுள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அல்லது மூச்சுப் பாதை அடைபட்டிருக்கும். வெளிக்குச் சிறு காயமாகத் தோன்றுவது சிறிது நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். அமெரிக்காவில் மேரிலாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர். ஆடம்ஸ் கௌலி என்னும் அறுவை வைத்தியர், விபத்துக்கு அடுத்த முதல் மணி நேரத்தைப் 'பொன்னான மணி நேரம்' என்று வற்புறுத்தி வந்தார். அச்சொல் பிற்காலத்தில் நம் நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே, விபத்து நேர்ந்தால் அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்க முயல்வது வாகனம் ஓட்டியவரின் கடமை என்று கூறியது. ஆயினும் நடைமுறை வேறாக இருந்தது. விபத்து என்றாலே 'மெடிகோ-லீகல் கேஸ்'. போலீஸாரின் குறிப்பு வேண்டும். அத்தகைய வழக்குகளை ஏற்க அனுமதி பெற்ற மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். பின்னாளில் கோர்ட்டுக்கு அலைய நேருமோ என்று வைத்தியர் அஞ்சினார். குற்றம் தம்மீது விழுமோ என்று வழிப்போக்கர் அஞ்சினார். இவ்விரு அச்சங்களுக்கும் நடுவே அடிபட்டவர் கிடந்தார்.

1980களில் பத்திரிகையொன்றில் ஒரு செய்தி வெளியாயிற்று. ஸ்கூட்டரில் சென்ற ஒருவரை விரைந்து வந்த கார் மோதித் தள்ளியது. வழியே சென்ற ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டு அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஓடினார். அங்கே ஏற்க மறுத்து, சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி கூறிவிட்டனர். போகும் வழியிலேயே அவர் உயிர் நீத்தார். இச்செய்தியை இணைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார்.

1989 ஆகஸ்டு 28ஆம் தேதி நீதிபதிகள் ரங்கநாத் மிஸ்ராவும் ஜி. எல். ஓஜாவும் தீர்ப்பு அளித்தனர். உயிரைக் காப்பது முதற் கடமை; அரசாங்க வைத்தியராயினும் தனியார் வைத்தியராயினும் இக்கடமை ஒன்றே; இதைத் தாமதப்படுத்த எந்தச் சட்டத்துக்கும் விதிக்கும் அதிகாரமில்லை. காயமுற்றவர் குற்றமற்றவரா, குற்றவாளியா என்ற விசாரணையும் பிறகுதான். வைத்தியர்களைச் சாட்சியத்துக்காக அவசியமின்றி அலைக்கழிக்கலாகாது என்பதையும் நீதிமன்றம் நினைவூட்டியது. மருத்துவக் கலாசாலைகளுக்குத் தீர்ப்பின் பிரதி அனுப்ப வேண்டும் என்றும், தூர்தர்ஷனும் அகில இந்திய வானொலியும் இதை நன்கு விளம்பரப்படுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மக்கள் அறியாத உரிமை இல்லாத உரிமைக்குச் சமம் அன்றோ?

1994இல் செய்யப்பட்ட திருத்தம், நடைமுறைச் சம்பிரதாயங்களுக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை அளிப்பது வைத்தியரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதியது. 1996இல், ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுக் கல்கத்தாவில் பல அரசாங்க மருத்துவமனைகளில் இடமின்றித் திருப்பப்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கில், அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு தரும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

வைத்தியரின் அச்சத்துக்கு இவ்வாறு பரிகாரம் பிறந்தது. வழிப்போக்கரின் அச்சமோ மேலும் இருபது ஆண்டுகள் நீடித்தது. சேவ்லைஃப் என்னும் நிறுவனம் 2012இல் தொடுத்த வழக்கின் பயனாக, மத்திய அரசாங்கம் வகுத்த நெறிமுறைகளுக்கு 2016 மார்ச் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சட்டத்தின் வலிமையை அளித்தது. 2019இன் திருத்தச் சட்டமும் 2020இன் விதிகளும் அவற்றை உறுதி செய்தன. கைம்மாறு கருதாமல், நல்லெண்ணத்துடன், தாமாக முன்வந்து உதவுகிறவரைச் சட்டம் 'நல்ல சமாரியன்' என்று அழைக்கிறது.

அரசாங்கத் தாள்களை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இச்சொல்லைப் 'பரோபகாரி' என்று மாற்றிவிடலாமே என்று தோன்றியதுண்டு. ஆனால் மூலக் கதையை நோக்கினால், மாற்றாதிருப்பதே நன்று. விவிலியத்தின் அக்கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சொந்த இனத்தார் கண்டும் காணாமல் சென்றனர். தூக்கிச் சென்று சத்திரத்தில் சேர்த்துக் காத்தவனோ, அவர்கள் ஒதுக்கி வைத்திருந்த அயலான். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மொழி சரளமாக வராது, ஊர் பழக்கமில்லை, போலீஸாரிடம் என்ன சொல்வது என்று தயங்கி நாம் ஒதுங்கிவிடலாம். சட்டம் அத்தயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. உதவியவர் தம் பெயரையோ விலாசத்தையோ கூற வேண்டிய கட்டாயமில்லை. அடிபட்டவரைச் சேர்த்தவுடன் செல்லலாம். அவரிடம் சிகிச்சைப் பணம் கேட்கலாகாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பத்தைப் பொறுத்ததே. இவ்வுரிமைகளை ஹிந்தி, ஆங்கிலம், அவ்வட்டார மொழி ஆகியவற்றில் மருத்துவமனை வாயிலில் எழுதிவைக்க வேண்டும் என்பதும் விதி.

உதவிக்கு வாகனமும் வேண்டுமே! 2005 ஆகஸ்டு 15ஆம் தேதி ஹைதராபாத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை, 2008இல் தமிழ்நாட்டுக்கும், பின்னர் வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது. எந்த மாநிலமாயினும் 112 என்ற எண்ணைக் கூப்பிட்டும் உதவி பெறலாம். பாஷை முழுதும் வராவிடினும், இடத்தின் பெயரையும் நெடுஞ்சாலையாயின் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சொன்னால் போதிய உதவியாகும்.

எஞ்சியது பணம். பொன்னான மணி நேரத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை தரத் திட்டம் வகுக்க வேண்டும் என்ற சட்டப்பிரிவு 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தும், திட்டம் பிறக்கவில்லை. சாலைப் பாதுகாப்புக்காகக் கோயம்புத்தூர் எலும்பு அறுவை வைத்தியர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்திருந்த வழக்கில், 2025 ஜனவரி 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன்படி, குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள்வரை 1,50,000 ரூபாய் அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். தமிழ்நாடு 2021 டிசம்பரிலேயே, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியிருந்தது. அம்மாநிலத்தின் எல்லைக்குள் அடிபட்டவர் வெளிமாநிலத்தவராயினும் அதன் பயனைப் பெறுவர்.

லாரேயின் வண்டிகள் களத்துக்குள் நுழைவதற்கு முன், ஒரு விதி விலக வேண்டியிருந்தது. நம் நாட்டில் அவ்விதி விலகுவதற்கு 1989 முதல் 2025 வரை, 36 ஆண்டுகள் ஆயின. ஏட்டில் அது விலகிவிட்டது. நெஞ்சில் உள்ள அச்சம் விலகுவது, கேட்டவர் கேளாதவருக்குச் சொல்வதைப் பொறுத்தது. நேயர்கள் இதைத் தம் வீட்டாருக்கும், அண்டை அயலாருக்கு அவர்தம் மொழியிலும், எடுத்துரைப்பார்களாக.