‘ஹேக்கர்’: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

கணிப்பொறி நிரலாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘ஹேக்கர்’ என்பது பொருள் திரிபுற்ற ஒன்றாகக் கருதப்படுகின்றது. திறன்மிக்க நிரலாளன் என்பதே அதன் முதற்பொருள் என்றும், பிறர் கணிப்பொறியுள் அத்துமீறிப் புகுவோன் என்னும் பொருளை 1980களின் செய்தித்தாள்களே ஏற்றின என்றும் கூறுவர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இதன் வினையடி பழைய ஆங்கிலத்தில் துண்டுபட வெட்டுதலைக் குறித்தது. அஃது இயந்திரத் தொழிலோடு இயைந்தமைக்குரிய தொடக்கச் சான்று, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன மாணவர்தம் மாதிரி இரயில் மன்றத்தில் கிடைக்கின்றது. மின்னமைப்பில் வேலை செய்வோரோ ‘ஹேக்’ செய்வோரோ மின்னுருகி எரியாவண்ணம் மின்னோட்டத்தை நிறுத்துக என்பது 1955 ஏப்ரல் மாதக் கூட்டக் குறிப்பு. வேலை வேறு, ‘ஹேக்’ வேறு என அவர்கள் கருதினர் போலும். கணிப்பொறி இங்கு இல்லை என்பதும் கருதற்பாலது.

1959இல் அம்மன்றத்தைச் சார்ந்த பீட்டர் சாம்சன் தொகுத்த சொற்பட்டியல், ஆக்கப்பயன் கருதாது செய்வதை ‘ஹேக்’ என்றும், அதனைச் செய்வோனை ‘ஹேக்கர்’ என்றும் விளக்கிற்று. அதில் எள்ளல் உண்டு, புகழ்ச்சி இல்லை.

இனி, 1963 நவம்பர் 20ஆம் நாள் அந்நிறுவன மாணவர் இதழாகிய ‘தி டெக்’ வெளியிட்ட செய்தியே நம் ஆய்வுக்குத் தலையாய சான்றாகும். ஆர்வர்டுக்குச் செல்லும் தொலைபேசித் தடங்களை அடைத்தும், பி.டி.பி.-1 கணிப்பொறியைக் கொண்டு வெளித்தடம் தேடியும் தொல்லை விளைத்தோரை அது ‘ஹேக்கர்’ என்றே சுட்டுகின்றது. ‘வார் கேம்ஸ்’ திரைப்படம் வந்ததும், மில்வாக்கி நகரத்து ‘414’ இளைஞர் குழு செய்தியானதும் 1983இல். அதற்கு இருபது ஆண்டு முன்னரே அத்துமீறற் பொருள் அச்சேறிவிட்டது. எனவே இதழாளர் அப்பொருளைப் படைத்தனர் என்பது பொருந்தாது. அவர்கள் செய்தது மற்றைப் பொருளை மறைத்தது மட்டுமே.

1984இல் ஸ்டீவன் லெவி தம் நூலால் நற்பொருளை நிலைநாட்ட முயன்றார். தீயோரைப் பிரித்துக்காட்டப் பின்னர் எழுந்த ‘கிராக்கர்’ என்னும் சொல் மக்கள் வழக்கில் வேரூன்றவில்லை.

தமிழில் ‘கொந்தர்’ என்னும் ஆக்கச்சொல் வழங்குகின்றது. கொந்துதல் கொத்துதலும் குத்துதலும் ஆகலின், வேர்ப்பொருளளவில் மூலத்தோடு வியக்கத்தக்கவாறு ஒத்துள்ளது. ஆயின் அது பெரும்பாலும் அத்துமீறுவோனையே குறிக்கின்றது. மாதிரி இரயிலின் மின்கம்பிகளோடு பொழுதுபோக்கிய மாணவனைக் கொந்தன் எனின் இன்று கேட்போர் திருடன் என்றே கொள்வர்.