கிள்ளான் நெடுஞ்சாலையின் சரித்திரம்

சரித்திரம் என்றதும் அரசர்களின் போர்களையும் பட்டாபிஷேகங்களையும் நினைப்பதே நம்மவர் வழக்கம். நாம் அன்றாடம் செல்லும் சாலைக்கும் சரித்திரம் உண்டென்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆகவே, கிள்ளான் நெடுஞ்சாலையைக் குறித்துச் சில கூறப் புகுந்தோம்.

கிள்ளானிலிருந்து புறப்படும் இச்சாலை சுங்கை ராசாவ், ஷா ஆலம், பத்து தீகா, சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா ஆகிய இடங்களைக் கடந்து கோலாலம்பூரை அடைகின்றது. மேற்கே துறைமுகத்தில் தொடங்கிக் கிழக்கே குவாந்தான் வரை நீளும் இரண்டாம் எண் கூட்டரசுச் சாலையின் ஒரு பகுதியே இது.

ஆதியில் இவ்வழிக்கு ஆறே பாதையாயிருந்தது. ஈயம் படகேறிக் கிள்ளானுக்கு இறங்கிற்று. 1886-ல் புகைவண்டி வந்தது. 1901-ல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972-ல் அது கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. ஈயத்தின் பின் ரப்பர் வந்தது. இவ்வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியோரில் பெரும்பாலோர் தென்னாட்டிலிருந்து வந்த நம் தமிழரே.

1941-ல் அத்தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளர்க்கு ஈடான கூலி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். கொடுமை செய்யும் ஊழியரை நீக்கித் தமிழ் கற்றவரை அமர்த்த வேண்டும். துரை எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றனர். சர்க்கார் பட்டாளத்தை அனுப்பிற்று. உயிர்கள் பலியாயின. தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

நாம் ஆங்கிலம் பயின்று தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவர். அக்கோரிக்கைகளை முதன்முறை படித்த அன்று, கூலி கேட்டதில் வியப்புத் தோன்றவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்றதே நெஞ்சைத் தைத்தது. நீக்கக் கோரிய ஊழியருள் நம் தொழிலின் முன்னோரும் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. அவர்களுட் சிலர் தாம் கற்ற கல்வியைத் தம் இனத்தாரையே மிதிக்கும் செருப்பாக்கினர்.

பின்னர்க் காலம் மாறிற்று. 1974-ல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. 1978-ல் ஷா ஆலம் மாநிலத் தலைநகராயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டமிருந்த நிலத்தில் எழுந்த நகர் அது. 1982-ல் எல்லையில் சாலைக்கு மேலே பெருவளைவு எழுப்பப்பட்டது. 2018 ஜனவரி முதல் நாளில் சுங்கை ராசாவ், பத்து தீகா இரண்டிலும் சுங்கவசூல் நின்றது.

மற்றொன்றும் நிகழ்ந்தது. 1970-களில் இச்சாலையோரம் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித்தடம் போடப்பட்டது. இந்நாட்டில் அத்தகைய தடங்களுள் அதுவே முதலாவது. எவரைக் கண்டும் இறங்காமல் அன்று இறங்கி நின்றவரின் பேரர்கள் இன்று அதில் செல்கின்றனர். ஆயினும் தம் பாட்டனார் வாழ்ந்த லயன்கள் எங்கிருந்தன என்று கேட்டால், அவர்களிற் பலருக்குக் காட்டத் தெரியாது.

தோழர்களே! வளைவைக் கட்டியவர் அதைக் கல்லில் கட்டினர். இறங்க மறுத்தவர்க்குச் சாலையில் ஓர் அடையாளமும் இல்லை. வீட்டில் முதியோர் இருப்பின் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். படித்தவராகிய கிராணிமார் முதலில் எழுதட்டும். நாம் தீர்க்கவேண்டிய பழங்கடன் அது.